நாற்பது சுற்றும் ஒரு வாளி மணலும்

ஒரு நாளும் விடாமல் எப்படிச் செய்கிறாய் என்று நீங்கள் எல்லோரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் என்னோடு நடக்கிறவர்கள் நீங்கள். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு இடுப்பு, வாத்தியார் மாஷுக்குக் கழுத்து. எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் படம் போட்ட ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லோர் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. செய்கிறவர்தான் யாரும் இல்லை. நான் எட்டு மாதமாகச் செய்கிறேன். நர்ஸாக இருந்தவள் இல்லையா, அந்த ஒழுங்கு விடாது என்று மாஷ் சொன்னார். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை.

எனக்கும் அதைக் கண்டால் ஆகாது. கதவுக்கு மேலே ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. நல்ல கையால் கயிற்றை இழுத்து, தோள் இறுகிப்போன கையை மேலே கொண்டுபோக வேண்டும். முப்பது தடவை. பதினைந்தைத் தாண்டும்போது இதைக் கண்டுபிடித்தவனை நினைத்து வாயில் என்னென்னவோ வரும். ஆனாலும் செய்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகு நாளைக்கு என்னை நடக்கக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. கேரள எல்லையில், பாறசாலைக்குத் தெற்கே, எங்கள் தோட்ட விளையின் வேலியைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் தமிழ்நாடு. அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீஸில் பியூன். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, பம்பாயில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவாள். வரும்போது அவள் பெட்டியைத் திறந்தால் சோப்பு மணம் வீடு முழுக்க நிற்கும். பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்காவைத் தன்னோடு கூட்டிப்போய் நர்சிங் படிக்கவைப்பதாகச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஈரிழைத் தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். நான் எப்போதும் நோயாளி. செத்துப்போகச் சொன்னால் சாகவும் வேண்டும்.

அந்த வருஷம் முந்திரி பழுக்கும் கொல்லாம்பழக் காலத்தில் அக்கா மரத்திலிருந்து விழுந்தாள். அவளாக ஏறவில்லை. உச்சிக் கொம்பில் நல்ல பழம் நிற்கிறது, ஏறி உலுக்கு என்று கீழே நின்று சொன்னது அப்பா. கொல்லாங்கொம்பு பார்க்கத்தான் பெலம், சொல்லாமல் ஒடியும். வலது முழங்கை அடியில் மாட்டிக்கொண்டது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், அவர் வேட்டி வேலியில் மாட்டிக் கிழிந்ததையும் நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை, எலும்புக்குக் கட்டுப்போடும் ஆசானிடம் ஓடினார். எலும்பு ஒடிந்தால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்க மாட்டார்கள். அங்கே போனால் கையை வெட்டிவிடுவார்கள் என்று பேச்சு.

ஆசான் நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தப்பை வைத்து, உளுந்தும் முட்டையும் குழைத்துப் பூசிக் கட்டினார். ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கை பாதிக்குமேல் நிமிரவில்லை, மடங்கவும் இல்லை. இது வழக்கம்தான், வேலை கொடுத்தால் சரியாகும் என்றார். வேலை என்ன தெரியுமா? ஒரு தகர வாளியில் மணல் போட்டு அந்தக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். காலையில் நாற்பது சுற்று, சாயங்காலம் நாற்பது. வாரத்துக்கு ஒரு சிரட்டை, ஒரு கொட்டாங்கச்சி அளவு, மணல் கூட்ட வேண்டும். சனிக்கிழமை தோறும் அவர் வந்து எண்ணெய் போட்டுப் பிடித்து இழுத்துவிடுவார். ஓணத்துக்குள் கை நேராகிவிடும், இல்லாவிட்டால் எக்காலத்துக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எக்காலத்துக்கும் என்ற சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். கை வளைந்தவளை நர்சிங்குக்கு எடுக்க மாட்டார்கள் என்று சித்தி கடிதம் எழுதியிருந்தாள். நோயாளியைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மரத்தில் ஏறச் சொன்னது நான்தானே என்று அவர் ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் நாற்பதும் ஆச்சா, நாற்பதும் ஆச்சா என்பதுதான்.

எண்ணுகிற வேலை எனக்கு. சமையல்கட்டு மூலையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மடியில் நாற்பது புளியங்கொட்டை, முன்னால் ஒரு சிரட்டை. அக்கா ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு கொட்டையைச் சிரட்டையில் போட வேண்டும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும், அதற்கு உள்பக்கமாகச் சுவரை ஒட்டி அவள் நடப்பாள். வாளியின் கம்பிக்குப் பழந்துணி சுற்றியிருந்தது. அப்படியும் அது ஒவ்வொரு அடிக்கும் கிரீச் என்று கேட்கும். மழையில் மணல் நனைந்து கனம் கூடுமே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரட்டைக் கணக்கு சரியாக இருந்தால் எல்லாம் சரி.

அக்கா அதை வெறுத்தாள். முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பம்பாய் ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் சொன்னாள். பத்துக்கு மேல் அவளுக்குத் தெரியாது, அதனால் தானே ஊர்களை உண்டாக்கிச் சொன்னாள். அம்மா சுற்று முடிந்தால் கருப்பட்டித் துண்டு தருவாள். அப்பா வெள்ளைச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொன்னார், நர்ஸுமார் போடுவது போல. ஒன்றும் பலிக்கவில்லை. இருபது தாண்டினால் அவள் உதடு வெளுத்துப்போகும். ஒரு நாள் என் அருகில் வந்து வாளியைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஏலாது மக்கா. உள்ளுக்க யாரோ கத்திய வச்சு அறுக்குத மாதிரி இருக்கு. ஒரு இருவது கொட்டைய நீயே போட்டுரு."

நான் போட்டேன். இரண்டு வாரம் அப்படி ஓடியது. இருபது சுற்று நடப்பாள், அதிலும் வீட்டுக்குப் பின்பக்கம் போனால் வாளியை நல்ல கைக்கு மாற்றிக்கொள்வாள். மீதிக் கொட்டையை நான் சிரட்டையில் கொட்டுவேன். மிச்ச நேரத்தில் இரண்டு பேரும் பின்பக்கத்து நடையில் உட்கார்ந்து மழையைப் பார்ப்போம். அந்த இரண்டு வாரத்தில்தான் ஒரு காலையில் அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். இரண்டு கையாலும். வலது கை என் உச்சந்தலைவரை வந்தது. அவள் விரல்களில் ஆசானின் எண்ணெய் நாற்றம். எனக்குப் பின்னல் இறுக்கமாக இருந்தது, அதைச் சொல்லி அழுதேன் பாருங்கள், அப்படி ஒரு கழுதை நான்.

அதை அப்பா பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அந்த மழைக்காலத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஆசானிடம் போனார். கனம் வேலை செய்கிறது, இன்னும் இரண்டு சிரட்டை கூட்டு என்றார் ஆசான். பாதி கனம் கூட அவள் தூக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில் பம்பாயிலிருந்து வந்த ஒருவரிடம் சித்தி ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்து விட்டிருந்தாள். பிஸ்கட் இரண்டே நாளில் தீர்ந்தது. டப்பாவின் மூடியில் குதிரை வண்டிப் படம், ஓரத்தில் தங்க நிறக் கோடு. இரண்டு பேரும் அதற்கு ஆசைப்பட்டோம். கைக்கு வய்யாத, சுகமில்லாத பிள்ளை என்று அம்மா அதை அக்காவுக்குக் கொடுத்தாள். ஒரே ஒரு நாள் தா என்று நான் கேட்டேன். நீ தரையில் போட்டுச் சொட்டை விழவைத்துவிடுவாய் என்று அக்கா மறுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் அப்பா வந்து, நாற்பதும் ஆச்சா என்று கேட்டார். இல்லை, அக்கா பாதிதான் நடக்கிறாள், பாக்கிக் கொட்டையை நான்தான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ இப்பிடி மடிச்சி ஆயிட்டியே மக்கா. உனக்கு வேண்டியாக்கும் நாங்க எல்லாரும் கிடந்து சாவுதோம்."

மடிச்சி என்றால் சோம்பேறிப் பெண். அன்று முதல் அது எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் போல ஆயிற்று. விட்டுப்போனதை ஈடுகட்ட நாற்பது, அறுபது ஆனது. காலையில் அப்பாவே நின்று எண்ணினார், ஆபீஸ் போகிற பஸ் போனாலும் போகட்டும் என்று. சாயங்காலம் நான். ஒரு கொட்டை குறையவிடவில்லை. அப்பா என்னை நேர்மையான பிள்ளை என்று சொல்லியிருந்தார், சனிக்கிழமை சைக்கிள் பாரில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள் ஐம்பத்து மூன்றில் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். "இன்னும் ஏழு உண்டு" என்று நான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், குனிந்து வாளியை எடுத்தாள்.

பிஸ்கட் டப்பாவை மறுநாளே என் பாயில் கொண்டு வைத்துவிட்டாள். அது பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆடிக்குள் முழங்கைக்கு மேலே ஒரு கட்டி எழும்பியது. தொட்டால் சூடு, கல் போலக் கெட்டி. நீர் கோத்திருக்கிறது, அழுத்தித் தேய்த்துத் திருமினால் கரையும் என்று ஆசான் வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். அப்பா தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வார், ஆசான் கையை இழுப்பார். அக்காவின் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். அந்த நேரம் அம்மா உரலில் எதையாவது போட்டு இடிப்பாள். இடிக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறும் உரலை இடித்தாள், நான் கண்ணால் கண்டேன்.

ஓணம் வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை, இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவளின் கை போல ஒரே நிலை. ஆசான் வந்து பார்த்துவிட்டு, எலும்பு இளசாக இருந்த நேரத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டீர்கள், கொடி வளைந்த பக்கமே முற்றிப்போயிற்று என்றார். அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது. சித்தி அந்த வருஷக் கடைசியில் வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து, மெல்ல அசைத்துப் பார்த்தாள், விட்டுவிட்டாள். அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டாள்: "சின்னவ எப்பிடி படிக்கா?"

அக்கா எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள்.

அப்படி நான் நர்ஸ் ஆனேன். அக்கா எட்டோடு நின்று, முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸுக்குப் போனாள். கொல்லாமரத்திலிருந்து விழுந்தவள் ஆயுள் முழுக்கக் கொல்லாங்கொட்டைக்குத் தொலி உரித்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு வந்து கையைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. இடுப்பில் பிள்ளை எங்கே என்று வழியில் பையன்கள் கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யாராவது கை என்னாச்சு என்று கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், நான் மடிச்சி, ஆசான் சொன்னதைச் செய்யவில்லை என்று.

இனிச் சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. படிப்பின் மூன்றாம் வருஷம் என்னை எலும்பு வார்டில் போட்டார்கள். ஒரு தகப்பன் எட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்தான். அதே முழங்கை, அதே இடத்தில் அதே கட்டி. பெரிய டாக்டர் அந்த ஆளைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஒடிந்த முழங்கையில் கனம் தொங்கவிட்டு, பிடித்து இழுத்து, எண்ணெய் போட்டுத் திருமினால் சதைக்குள் எலும்பு வளரும். சும்மா விட்டிருந்தால், வலிக்காத அளவுக்குப் பிள்ளையே ஆட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தானே சரியாகியிருக்கும். வலிக்கிறது என்று பிள்ளை அழுதானே, உனக்குக் காது இல்லையா என்று கேட்டார். நான் கையில் டிரேயோடு நின்றேன். தலை பின்னிவிட்ட அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. நான் பொய்யாகக் கொட்டை போட்ட இரண்டு வாரம்தான் அந்தக் கை பிழைக்கப் பார்த்திருக்கிறது. நான் நேர்மையான பிள்ளை ஆனதும் அது செத்துவிட்டது.

அடுத்த லீவில் சொல்லிவிடுவது என்று வந்தேன். அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள். அண்டிப்பால் பட்டு அவள் விரல்கள் கறுத்துப்போயிருந்தன. நான் சொல்லவில்லை. அப்பா இருக்கிறார், அவருக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா போன பிறகு, இனிச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். சொன்னால் என் வேலை, என் வெள்ளை உடுப்பு, நான் கட்டிய வீடு எல்லாம் அவள் கையிலிருந்து எடுத்தது என்று ஆகிவிடும். எனக்குப் பயம். அந்தப் பயத்தை நாற்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டு வளர்த்தேன்.

இந்தத் தோள் நோவு வந்ததும் அக்காதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிசியோதெரபி செய்யும் பெண் கப்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டு, வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும் ஆன்ட்டி, பலமாகப் பிடித்து இழுக்கக் கூடாது என்றாள். அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து, வலித்தால் நிறுத்தலாமா என்று கேட்டாள். நிறுத்த வேண்டும் என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதையே மறுபடியும் கேட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடையோடு வந்துவிட்டாள். பழைய வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. நீ தனியே செய்ய மாட்டாய், உனக்கும் மடி உண்டு, நான் எண்ணுகிறேன் என்றாள். ஒரு துணி முடிச்சில் முப்பது புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தாள். ஐந்து மாதம் தினமும் வந்தாள். நான் இழுப்பேன், அவள் இடது கையால் ஒவ்வொரு கொட்டையாகக் கிண்ணத்தில் போடுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த டக் டக் சத்தம் தோள் வலியை விடக் கொடுமை.

ஒரு நாள் நல்ல மழை. இருபதாவது தடவை எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முடிச்சில் மீதி இருந்த கொட்டையை மொத்தமாக அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள்.

"வலிச்சா விட்டுரு மக்கா. பாக்கிய நான் போட்டாச்சு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் கயிற்றை விட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வார்டு, அந்தப் பையன், சதைக்குள் எலும்பு, டாக்டர் சொன்னது.  சொல்லி முடிந்ததும் அக்கா தன் வலது கையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"அப்போ நான் மடிச்சி இல்ல."

இல்லை அக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள்.

"இது உனக்கு எப்பம் தெரியும்?"

வார்டில் எத்தனையோ நோயாளிகளின் வீட்டுக்காரர்களிடம் ஆள் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் குரல் நடுங்கியதில்லை. படிக்கும்போதே தெரியும் என்று சொன்னேன்.

"அப்போ அப்பா இருந்தாரு."

"ஆமா."

"சாவுததுக்கு ரெண்டு நாளு முன்ன அப்பா என் கையப் பிடிச்சு அழுதாரு. அந்த ரெண்டு வாரம் மட்டும் நீ ஒழுங்கா செய்திருந்தா நல்லா இருந்திருப்பியேன்னு. நான் அவருகிட்ட மன்னிச்சுருங்கன்னு மாப்பு கேட்டேன், பிள்ளே."

அவ்வளவுதான் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கிண்ணத்தில் முப்பது கொட்டையும் கிடந்தது.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. நான் போனால் காப்பி போட்டுத் தருகிறாள். மழையைப் பற்றிப் பேசுகிறாள், தேங்காய் விலை பேசுகிறாள். என் தோளைப் பற்றிக் கேட்பதில்லை. என் வீட்டுக்கு வருவதும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். எனக்கு மனத்திடமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கிண்ணத்தை அவள் உட்காரும் நாற்காலியின் பக்கத்தில் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடிக்கிறேன். எண்ண ஆள் இல்லை, நானேதான் எண்ணிக்கொள்கிறேன். அவள் என்றைக்காவது குடையோடு வந்து வாசலில் நிற்கும்போது நான் செய்யாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.